கடைசி மடிப்பு

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் கத்தரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் நாடா கட்டி எந்நேரமும் ஒரு கத்தரிக்கோல் தொங்கும் என்பது ஒரு காரணம். வாயும் அப்படித்தான் என்பது இன்னொரு காரணம். பெரிய டாக்டர் ஒருமுறை சட்டைப் பட்டன் அறுந்து அவளிடம் வந்தபோது, "ஆளைத் தைக்கத் தெரியுது, பட்டன் தைக்கத் தெரியலையா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊசியில் நூல் கோத்தாள்.

தையல் அறை கீழ்த்தளத்தில், சலவைக்கூடத்துக்குப் பின்னால் இருந்தது. ஒரு மெஷின், ஒரு நீள மேசை, தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரிகிற ஒரு ஜன்னல். கிழிந்த படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். விரிப்பு எப்போதும் நடுவில்தான் நையும். தலைமாடும் கால்மாடும் புதுசு போலவே இருக்கும். நைந்த நடுப்பகுதி தரை துடைக்கப் போகும். நல்ல பகுதியை முப்பத்தாறு அங்குலச் சதுரமாக வெட்டி, நாலு பக்கமும் ஓரம் அடித்து, பிரசவ வார்டுக்கு அனுப்புவாள். இருபத்தாறு வருஷமாக அந்த ஆஸ்பத்திரியில் பிறந்த அத்தனை குழந்தைகளையும் முதலில் தொட்ட துணி அவள் வெட்டியதுதான்.

அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அது எந்த உத்தரவிலும் எழுதப்படவில்லை. அழாமலே பிறக்கிற பிள்ளைகள் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் வார்டுக்குத் துணி கொடுக்கப் போனவள், புது நர்ஸ் ஒருத்தி அப்படி ஒரு பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "கொடும்மா, நான் சுத்தறேன்" என்று வாங்கிவிட்டாள். அதோடு அந்த வேலை அவளுடையது என்று ஆகிவிட்டது. அந்த முதல் பிள்ளையின் முகத்தை மட்டும் அவள் பார்த்தாள். பதினொரு நாள் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பிறகு தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள்: முகத்தைப் பார்ப்பதில்லை. கண் துணியின் முனையிலேயே இருக்கும். கீழ் மடிப்பு, இடது மடிப்பு, வலது மடிப்பு. உயிரோடிருக்கிற பிள்ளைக்கு மேல் முனையை முகவாய்க்குக் கீழே செருக வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கு அதையே இழுத்து முகத்தின் மேல் மூடி, லேசாகத் தட்டி, "ஆண்டவரே, இதை நீங்க தூக்கிக்குங்க" என்று உதட்டுக்குள் சொல்வாள். அவ்வளவுதான். கீழே வந்து மெஷினை மிதிப்பாள்.

வீட்டில் அவளுக்கு ஒரு புருஷன், ஒரே ஒரு மகள். புருஷன் பஸ் பணிமனையில் மெக்கானிக். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷர். அவருடைய வலது காது தலையோடு ஒட்டாமல் யாரையோ ஒட்டுக்கேட்பதுபோல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். "இந்தக் காதைப் பிடிச்சுத் திருகத்தான் ஆண்டவர் என்னை இந்த வீட்டுக்கு அனுப்பிச்சார்" என்று கத்தரியம்மா முப்பது வருஷமாகச் சொல்லிவருகிறாள். மகள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளைக் கட்டியவர் லாரி ஓட்டுகிறார். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து மகள் உண்டானபோது, குடும்ப ஜெபத்தில் அவள் வைத்த ஒரே விண்ணப்பம், "ஆண்டவரே, எது வேணா குடுங்க, அப்பா காதை மட்டும் குடுத்துடாதீங்க" என்பது. ஆமென் சொல்ல முடியாமல் நாலு பேரும் சிரித்தார்கள். மெக்கானிக் தன் காதைத் தடவிக்கொண்டே சிரித்தார்.

அக்டோபர் இரண்டாம் வாரம் பிள்ளையின் இதயத்துடிப்பு நின்றுவிட்டது. மகளை மயக்கத்தில் வைத்துத்தான் எடுத்தார்கள். மாப்பிள்ளை லாரியோடு இரண்டு நாள் தூரத்தில் இருந்தார். மெக்கானிக் சின்னதாக ஒரு பெட்டி செய்யச் சொல்லிப் போயிருந்தார். பிரசவ வார்டு சிஸ்டர் கீழே ஆள் அனுப்பவில்லை. தானே படியிறங்கி வந்தாள். இருபது வருஷம் அதே வார்டில் இருந்தவள், யாரிடமும் சிரிக்காதவள். அன்றைக்குக் கத்தரியம்மாவின் தோளில் கை வைத்தாள்.

"நான் சுத்திக்கிறேன். நீங்க வேணாம்" என்றாள் சிஸ்டர்.

"என் பேரனை நான் சுத்தாம யாரு சுத்துவா?"

கத்தரியம்மா போனாள். கை பழகின வேலையைச் செய்தது. கண் துணி முனையிலேயே இருந்தது. சட்டத்தை மீறினால் அங்கேயே விழுந்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். வலது மடிப்பு முடிந்தபோது சிஸ்டர் கேட்டாள்: "மகள் முழிச்சதும் ஒரு தடவை காட்டிடலாமா? காட்டறது நல்லது."

"வேணாம் சிஸ்டர். பாத்தா என் மக எந்திரிக்கவே மாட்டா."

சொல்லிவிட்டுக் கடைசி மடிப்பை இழுத்து மூடினாள். சாயங்காலமே அடக்கம் முடிந்தது.

மறுநாள் தெளிவு வந்த மகள் கேட்ட முதல் கேள்வி, "என்கிட்ட ஏன்மா காட்டலை?" என்பதுதான். கத்தரியம்மாவின் வாய் எத்தனையோ பேரை வெட்டிய வாய். அன்றைக்கு அதிலிருந்து வந்தது, "சிஸ்டர் காட்டக் கூடாதுன்னுட்டாங்க" என்ற பொய். சொல்லும்போதே கதவருகில் மருந்துத் தட்டோடு சிஸ்டர் நிற்பதைப் பார்த்தாள். சிஸ்டர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

பொய் அதோடு நிற்கவில்லை. மகள் வீட்டுக்குப் போன பத்தாம் நாள், கணக்கு டீச்சருக்கே உரிய ஒழுங்கோடு, தேதி நேரம் எல்லாம் போட்டு இரண்டு பக்கத்துக்கு ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குப் புகார் எழுதினாள். விசாரணை வைத்தார்கள். சிஸ்டரிடம் கேட்டார்கள். "ஆமா, காட்டலை" என்று மட்டும் சொன்னாளாம். புது வருஷத்திலிருந்து அவளுக்குப் பிரசவ வார்டு கிடையாது, வெளிநோயாளிகளுக்குச் சீட்டு எழுதுகிற மேசை என்று முடிவானது. சலவைக்கூடத்துப் பெண்கள் இதைச் சொல்லிக்கொண்டபோது கத்தரியம்மா மெஷினைச் சத்தமாக மிதித்தாள். வராந்தாவில் எதிரே வரும்போதெல்லாம் சிஸ்டர் கேட்பது ஒன்றுதான்: "மகள் சாப்பிடறாளா?"

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று அவள் ஒவ்வொரு நாளும் நினைத்தாள். சொன்னால் மகள் முகத்தில் விழிக்க மாட்டாள். இருப்பது ஒரே மகள். சொல்லாவிட்டால் ஒரு குற்றமும் செய்யாத பெண்ணின் பிழைப்பு போகிறது. இப்படியே டிசம்பர் வந்துவிட்டது.

அவர்களுடைய சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஆலயத்தில் குடில் கட்டி, மாடு, ஆடு, மேய்ப்பர்கள் எல்லாம் வைத்துவிடுவார்கள். மாட்டுக்குத் தீனி வைக்கும் முன்னணை மட்டும் கிறிஸ்துமஸ் காலை வரை காலியாக இருக்கும். அன்று ஆராதனையில், பெற்ற தாய் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கிடத்திய வேதப்பகுதியை வாசித்து முடித்ததும், அந்த வருஷம் பிள்ளை பெற்ற பெண் ஒருத்தி மரத்தாலான பாலகனை வாசலிலிருந்து ஏந்திவந்து முன்னணையில் வைக்க வேண்டும். பாலகனைச் சுற்றும் துணியை வருஷாவருஷம் தைத்துக் கொடுப்பது கத்தரியம்மா. யார் ஏந்துவது என்று சபைச் செயலர் ஆகஸ்டிலேயே பட்டியல் போட்டுவிடுவார். இந்த வருஷம் அவர் மகளின் பெயரை எழுதியிருந்தார். அக்டோபரில் அடக்கத்துக்கும் அவரேதான் வந்து நின்றார். ஆனாலும் பட்டியலில் பெயரை அடிக்கத் தோன்றவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு கையில் கொடுத்த தாளில், பாலகனை ஏந்தி வருபவர் என்ற இடத்தில் மகளின் பெயர் அச்சாகியிருந்தது.

கத்தரியம்மா செயலரை ஆலய வாசலிலேயே வைத்துக் கேட்ட கேள்விகளில் பாதியை இங்கே எழுத முடியாது. ஆயர் அன்று மாலையே மகள் வீட்டுக்கு ஓடினார், மன்னிப்புக் கேட்க. மகள் அவருக்குத் தேநீர் கொடுத்தாளாம். "பேர் இருக்கட்டும் ஐயா. நானே ஏந்தறேன்" என்றாளாம்.

இருபத்துநாலாம் தேதி மதியம் மகள் அம்மா வீட்டுக்கு வந்தாள். இரண்டு மாதத்தில் அவளாக வந்தது அதுவே முதல் தடவை. ஆலயத்திலிருந்து வாங்கிவந்த மரப் பாலகன் சாப்பாட்டு மேசைமேல் கிடந்தான். பக்கத்தில் புதுத் துணி. மெக்கானிக் வாசலில் நாற்காலி போட்டு ஏறி, சர விளக்குகளின் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தார்.

"எப்படிச் சுத்தறதுன்னு சொல்லிக்குடும்மா" என்றாள் மகள். "இவனைப் பெத்த அம்மா மாட்டுக் கொட்டில்ல கெடந்தாலும் தன் பிள்ளையைத் தன் கையாலதானே சுத்தினா? எனக்கு அதுகூட இல்லை. இதையாவது சுத்திப் பாக்கறேன்."

கத்தரியம்மா துணியை விரித்தாள். பாலகனைக் குறுக்காகக் கிடத்தினாள். இருபது அங்குலம். பேரனும் அதே நீளம்தான். கண் தானாகத் துணி முனைக்குப் போனது. கீழ் மடிப்பு. இடது மடிப்பு. வலது மடிப்பு. மேல் முனையை எடுத்தாள், இழுத்தாள், முகத்தை மூடினாள். லேசாகத் தட்டினாள். உதடு அசைந்தது.

மேசையில் கிடந்த பொட்டலத்தை மகள் பார்த்தாள். பிறகு அம்மாவின் கையைப் பார்த்தாள்.

"ஏம்மா முகத்தை மூடுறே?"

கத்தரியம்மா சட்டென்று துணியை விலக்கினாள். "கை மறந்துருச்சுடி. இரு, இப்படி இல்லை, முகவாய்க்குக் கீழே..."

"கை மறக்கலை. கைக்கு ஞாபகம் இருக்கு." மகளின் குரல் தணிந்துபோயிருந்தது. வகுப்பில் தப்புக் கணக்கைக் கண்டுபிடிக்கும்போதும் அவளுக்கு அப்படித்தான் குரல் தணியும். "அவனையும் நீதான் சுத்தினியா?"

"ஆமா."

"சிஸ்டர் காட்டக் கூடாதுன்னாங்கன்னியே."

கத்தரியம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சிஸ்டர் காட்டலாம்னுதான் சொன்னாங்க. நான்தான் வேணாம்னேன். நீ தாங்க மாட்டேன்னு நெனைச்சேன். நீ கேட்டப்ப பயந்து அவங்க மேல போட்டுட்டேன்."

மகள் கத்துவாள் என்று நினைத்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகள் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"சரி. அது போகட்டும். நீ பாத்தேயில்ல? எப்படி இருந்தான்? அதை மட்டும் சொல்லு. யார் மாதிரி இருந்தான்?"

இந்தக் கேள்விக்குத்தான் கத்தரியம்மா இரண்டு மாதமாக நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"நானும் பாக்கலைடி."

"கையில வெச்சிருந்தியே."

"பாக்கலை. நான் யார் முகத்தையும் பாக்கறதில்லை. பாத்தா என்னால முடியாது. கண்ணைத் தூக்கவே இல்லை."

வாசலில் விளக்குச் சரத்தோடு மெக்கானிக் அசையாமல் நின்றார். மகள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்கப்பா?"

"பெட்டியை மூடித்தாம்மா குடுத்தாங்க. நான் திறக்கலை."

மகள் எழுந்தாள். கைப்பையை எடுத்தாள். மேசைமேல் கிடந்த பாலகனை ஒரு நிமிஷம் பார்த்தாள். "இந்தப் பிள்ளையைப் பாக்க ஆடு மேய்க்கிறவங்ககூட வேலையைப் போட்டுட்டு ஓடிவந்தாங்கம்மா. எம்பிள்ளை அவன் பாட்டி கையிலேயே கெடந்தான். ஒருத்தர் பாக்கலை." அப்பாவைத் தாண்டிப் படியிறங்கினாள். "நாளைக்கு நான் வரலை. வேற யாரையாவது ஏந்தச் சொல்லுங்க."

சாயங்காலம் வரை கத்தரியம்மா அந்த மேசையை விட்டு நகரவில்லை. மெக்கானிக் இரண்டு தடவை சோற்றைப் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இரண்டு தடவையும் அப்படியே எடுத்துக்கொண்டு போனார். "கத்தரி" என்று மட்டும் கூப்பிட்டார்.

கிறிஸ்துமஸ் காலையில் பாலகனைச் சுற்ற அவள் கை வரவில்லை. மெக்கானிக்தான் சுற்றினார். பணிமனையில் உதிரிபாகத்தைக் காகிதத்தில் சுற்றுவதுபோலச் சுற்றி, எங்கே அவிழ்ந்துவிடுமோ என்று ஒரு முடிச்சும் போட்டிருந்தார். வேறு எந்த நாளாயிருந்தாலும் அந்த முடிச்சுக்காக அவர் ஒரு வாரம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்.

ஆலயத்தில் புதுத்துணி வாசனையும் மெழுகு வாசனையும் கலந்து வந்தது. எல்லோரும் கைகுலுக்கி வாழ்த்துச் சொன்னார்கள். கத்தரியம்மா பின்வரிசையில் பாலகனை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். முதல் பாட்டு தொடங்கும்போது மாப்பிள்ளை மட்டும் தனியாக வந்தார். கண் சிவந்திருந்தது.

"அத்தை, அவ ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா. சிஸ்டரைப் பாக்கணும்னா. என்னை வர வேணாம்னுட்டா."

கத்தரியம்மா எழுந்தாள். பாலகனைத் தூக்கிப் புருஷன் கையில் வைத்தாள். "நீங்க கொண்டுபோய் வைங்க."

"நானா? பிள்ளை பெத்தவங்க இல்ல ஏந்தணும்?"

"நம்ம பேரனை ஒருத்தரும் முகம் பாத்து ஏந்தலையே, இந்தப் பிள்ளையையாவது நீங்க ஏந்துங்க. போங்க."

தெருவில் கடைகள் மூடியிருந்தன. ஆஸ்பத்திரிவரை நடந்தே போனாள். மூன்றாம் மாடிக்கு ஏறும்போது முழங்கால் தகராறு செய்தது. பிரசவ வார்டின் கடைசியில், துணி அடுக்கும் சின்ன அறையின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அவள் தைத்த துணிகள் அலமாரி நிறைய. கீழே ஒரு பெஞ்சில் சிஸ்டரும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சிஸ்டரின் கால்களில் வார்டு ரப்பர் செருப்பு. கத்தரியம்மா வெளியிலேயே நின்றுவிட்டாள்.

"ஏன் சிஸ்டர் நீங்க உண்மையைச் சொல்லலை?" மகள் அழுதுகொண்டே கேட்டாள். "விசாரணையில கேட்டாங்கல்ல?"

"அந்த நேரத்துல உனக்கு உங்கம்மா வேணும்மா. என்மேல கோபப்பட்டா எனக்கு என்ன, பட்டுட்டுப் போறே. அவங்கமேல பட்டிருந்தா நீ யார் மடியில போய்ப் படுப்பே?"

சின்ன வயசிலிருந்து ஒரு ஞாயிறு தவறாமல் பிரசங்கம் கேட்டவள் கத்தரியம்மா. குற்றமில்லாத ஒருவர் அடுத்தவர் குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டதை, அதற்காகவே ஒரு பிள்ளையாகப் பிறந்து வந்ததை, எத்தனை கிறிஸ்துமஸுக்குக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறாள்! அது ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு தினமும் எதிரே வந்து "மகள் சாப்பிடறாளா" என்று கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு நடந்திருக்கிறாள். வெட்கத்தில் அவளுக்கு உடம்பு கூசியது. கதவைத் தள்ளினாள்.

"சிஸ்டர், நானே ஆபீசுல போய் எழுதிக் குடுத்துடறேன். பொய் சொன்னது நான்னு. இந்த வார்டை விட்டு உங்களை அனுப்ப விட மாட்டேன்."

சிஸ்டர் எழுந்திருக்கவில்லை. மகள் தலை நிமிர்ந்தாள். அம்மாவை வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு ஒன்றும் இல்லை. அழுகையை அடக்கி அடக்கி முகம் வீங்கியிருந்தது. பிறகு பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காரும்மா" என்றாள். "நீயும் பாக்கலைதானே. கேளு." கத்தரியம்மா உட்கார்ந்ததும் சிஸ்டர் பக்கம் திரும்பினாள். "முதல்லேர்ந்து சொல்லுங்க சிஸ்டர்."

சிஸ்டர் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்து, அதில் எதையோ பிடித்திருப்பதுபோல் விரித்துக்கொண்டு சொன்னாள். "தலை நிறைய முடி. கருகருன்னு, நெத்தி வரைக்கும். நான்தான் துடைச்சேன். மூக்கு சின்னது. உதடு உன்னோடதுதான், மேலுதடு இப்படி வளைஞ்சு. தூங்கற மாதிரிதான் இருந்தான், வேதனை எதுவும் முகத்துல இல்லை. அப்புறம் அந்தக் காது..."

"காதா?" என்றாள் மகள்.

"வலது காது மட்டும் இப்படி வெளிய நீட்டிட்டு நின்னுச்சு. சுத்தறதுக்கு முன்னாடி விரலால அமுக்கி விட்டேன். விட்டதும் திரும்ப வந்து நின்னுக்கிச்சு. ரெண்டு தடவை அமுக்கினேன்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது. அப்படியே சரிந்து, யார் மடி என்று பார்க்காமல் பக்கத்தில் இருந்த மடியில் விழுந்தாள். அது அம்மாவின் மடிதான். கத்தரியம்மா மகளின் தலைமேல் கையை வைத்தாள். துணி முனையைத் தேடாமல் கண்ணைத் தாழ்த்தி மகளின் முகத்தையே பார்த்தாள்.

கொஞ்சநேரம் கழித்து மற்றக் கையால் போனை எடுத்துப் புருஷனைக் கூப்பிட்டாள். அங்கே கடைசிப் பாட்டு பாடுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்து பேசுகிறார் போலிருக்கிறது, காற்று இரைந்தது.

"வெச்சுட்டேன் கத்தரி. எல்லாரும் பாத்தாங்க" என்றார். "அவ எப்படி இருக்கா?"

"ஏங்க," என்றாள். "உங்க காதுங்க. அவனுக்கு உங்க காது."